குறுக்கே வந்த தண்ணீர் லாரி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதத்தில், ஒரு திங்கட்கிழமை காலையில் நடந்தது இது. இடம், அம்பத்தூர் பக்கம் இருக்கும் ஒரு ரயில்வே மேம்பாலம். ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் எல்லோரும் தினமும் ஏறி இறங்கும் பாலம்தான்.

முதலில் எங்கள் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் மற்றது புரியாது.

என் கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. அங்கேயே குவார்ட்டர்ஸ். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. நாங்கள் இருவரும் கரூர்ப் பக்கம். எதிர் வரிசையில் இருந்த ஒரு குடும்பம் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குக் கிளம்பும்போது, தங்கள் சின்ன வெள்ளைக் காரை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். ஒரு நல்ல ஸ்கூட்டருக்குக் கொடுக்கிற விலைதான். "வண்டி தங்கம்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார் அந்த வீட்டு அம்மா. தங்கம்தான். அடிக்கடி உருக்கிச் சரிசெய்ய வேண்டிய தங்கம்.

என் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. யாராவது வெளியே இருந்து திறந்துவிட வேண்டும். கம்பெனி வாசலில் போய் நின்றால் வாட்ச்மேன் ஓடிவந்து கதவைத் திறப்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னைப் பெரிய மேடம் என்று நினைத்து எழுந்து நின்ற கதையெல்லாம் உண்டு. அதே கதவின் கண்ணாடி கீழே விழாமல் இருக்க அட்டையை மடித்துச் செருகி வைத்திருந்தோம். அதனால் அதை இறக்கவும் முடியாது. ஹேண்ட் பிரேக் என்று ஒரு கம்பி இருந்தது. அதைக் கரண்டியைத் தூக்குவதுபோலத் தூக்கலாம், அவ்வளவுதான். சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கீழே கல் வைக்க வேண்டும். அந்தக் கல்லும் எங்களோடு தினமும் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் போய்வந்துகொண்டிருந்தது. ரேடியோவை நாமாகப் போட முடியாது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் தானாகப் பாடும், அடுத்த வேகத்தடையில் நின்றுவிடும்.

இடது இண்டிகேட்டர் எரிந்ததே இல்லை. அந்த வேலையைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்தார். அக்காவுக்குத் திருநெல்வேலி. எஸ்டேட்டில் துணி தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். நூறு தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல். தினமும் என்னோடு முன் சீட்டில் வருவார். இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் "அக்கா" என்பேன். கையை வெளியே நீட்டிவிடுவார். ஆபீஸ் பேச்சு, மாமியார் பேச்சு எது ஓடிக்கொண்டிருந்தாலும் கை சரியாக நீளும். பின் சீட்டில் என் மகள். ஒன்றாம் வகுப்பு. வழியில் அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போவோம்.

இந்தக் காரை வைத்துக்கொண்டு நான் எவ்வளவு அவஸ்தைப்பட்டேனோ அவ்வளவு சந்தோஷமும் பட்டேன். புதுக் கார் வைத்திருப்பவர்கள் ஒரு கீறல் விழுந்தால் மூன்று நாள் சாப்பிட மாட்டார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. ஷேர் ஆட்டோக்காரர்கள் யாருக்கும் வழிவிட மாட்டார்கள், எனக்கு விடுவார்கள். இழக்க ஒன்றும் இல்லாதவளிடம் வம்பு எதற்கு என்று அவர்களுக்குத் தெரியும். காலை நேரத்தில் வண்டி கிளம்பாமல் மக்கர் செய்தால், ஷிப்டுக்குப் போகிற தொழிற்சாலை ஆட்கள் சைக்கிளையும் பைக்கையும் ஓரமாக நிறுத்திவிட்டு வந்து தள்ளுவார்கள். நான் கூப்பிட்டதே இல்லை. இன்ஜின் பிடித்துக்கொண்டதும் நன்றி சொல்லத் திரும்பிப் பார்த்தால், அவர்கள் கையைத் தட்டிக்கொண்டு தங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். புதுக் கார் வாங்கியிருந்தால் இத்தனை பேரை எனக்குத் தெரிந்தே இருக்காது.

ஆனால் பழைய காரில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. அதன் கோளாறுகள் நமக்குப் பழகிப்போகும். பிரேக்கை ஒருமுறை மிதித்தால் பிடிக்காது, இரண்டாவது மிதியில் பிடிக்கும் என்பது எங்கள் காரின் குணமாக ஆகிவிட்டது. காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகக் குடிக்கிற மனிதர்போல, இதற்கு இரண்டு மிதி வேண்டும் என்று எடுத்துக்கொண்டோம். இரண்டாவது கியரும் அப்படித்தான். கெஞ்சினால் விழும், அவசரப்படுத்தினால் விழாது.

அந்த வருடம் நல்ல தண்ணீர்ப் பஞ்சம். வெள்ளானூரில் ஆரம்பித்துப் பூந்தமல்லி வரைக்கும் எங்கே பார்த்தாலும் தண்ணீர் லாரி. இந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எமன் என்றால் எருமை மேல் வரமாட்டான், தண்ணீர் லாரியில்தான் வருவான். நடை அதிகம் அடித்தால்தான் காசு என்பதால் பேய் மாதிரி ஓட்டுவார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கேயாவது தண்ணீர் லாரி இடித்துவிட்டது என்றால், யார் மேல் தப்பு என்று யாரும் கேட்பதில்லை. முதலில் டிரைவரை இறக்கி அடிப்பார்கள். விசாரணை அதற்கப்புறம்தான்.

அன்று காலை பாலத்தில் ஏறும்போது எங்களுக்கு முன்னால் அப்படி ஒரு லாரி. தொட்டி நிறையத் தண்ணீர். மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாக ஏறியது. மேல்மூடி சரியாக மூடவில்லை போலிருக்கிறது, தண்ணீர் அலம்பி அலம்பி எங்கள் முன் கண்ணாடியில் கொட்டியது. "குடிக்கத் தண்ணியில்லாம சனங்க லோல்படுது, இந்தச் சவம் ரோட்டக் கழுவுது பாரு" என்று அக்கா ஆரம்பித்தார். பொறுமை போய், பாலத்தின் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் லாரியை முந்தினேன். என் மகள் பின் சீட்டில் மண்டிபோட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பின்னால் வருகிற வண்டிகளுக்கு டாட்டா காட்டுவது அவளுடைய தினசரி வேலை.

உச்சியைத் தாண்டினோம். இறக்கம். கீழே சிக்னல் சிவப்பு. வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. வரிசையின் கடைசியில் ஒரு பைக்கில் கணவன், மனைவி, நடுவில் ஒரு பிள்ளை. பள்ளி நேரம் என்பதால், நிற்கிற வண்டிகளுக்கு நடுவே அம்மாக்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு குறுக்கே போய்க்கொண்டிருந்தார்கள்.

பிரேக்கை மிதித்தேன். பிடிக்கவில்லை. அது வழக்கம்தானே என்று மறுபடி மிதித்தேன். கால் நேராகத் தரையைத் தொட்டது. மூன்றாவது முறை மிதித்தபோது, அங்கே பெடல் இருப்பதே தெரியவில்லை.

அந்த நிமிஷம் என் உடம்பில் என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. காதுக்குள் ஒரு ரீங்காரம். "அக்கா, பிரேக் போயிருச்சு" என்று சொன்னேன். கத்தினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முணுமுணுத்தாய் என்று அக்கா பிறகு சொன்னார்.

மூன்றாவது கியருக்கு மாற்றினேன். வண்டி கொஞ்சம் முனகி, கொஞ்சம் இழுத்துப் பிடித்தது. ஆனால் இறக்கம் அதைத் தள்ளிக்கொண்டே போனது. இரண்டாவது கியருக்குத் தள்ளினேன், கரகரவென்று சத்தம் வந்ததே தவிர விழவில்லை. ஹேண்ட் பிரேக்கைத் தூக்கினேன், கரண்டி கையோடு வந்தது. வலது பக்கம் நடுச்சுவர். அதில் உரசி நிறுத்தலாமென்றால், எனக்கும் சுவருக்கும் நடுவில் ஒருவர் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். இடது பக்கம் பைக்குகள் சாரைசாரையாக. ஹார்ன் மட்டும் அருமையாக வேலை செய்தது. எங்கள் ஊர்ச் சாலையில் ஹார்ன் அடித்தால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? பைக்கின் நடுவில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் முதுகில் தொங்கிய மஞ்சள் பை மட்டும் எனக்குப் பெரிதாகிக்கொண்டே வந்தது. என் பிள்ளை பின்னால், யாரோ பெற்ற பிள்ளை முன்னால். நடுவில் நான், ஒன்றுக்கும் உதவாத ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு.

அக்கா இடுப்பு வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே போய்விட்டார். தினமும் இண்டிகேட்டராக நீளுகிற அந்தக் கையை மேலும் கீழும் ஆட்டி, "பிரேக் இல்ல, பிரேக் இல்ல, வெலகுங்கய்யா" என்று கத்தினார். பக்கத்தில் பைக்கில் வந்தவர்கள் இரண்டு பேர் ஒதுங்கினார்கள். கீழே இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை.

அப்போது பின்னாலிருந்து இன்னொரு ஹார்ன். தண்ணீர் லாரி. விட்டுவிட்டு அடிக்கவில்லை, கையை எடுக்காமல் ஒரே மூச்சாக அடித்துக்கொண்டு வந்தது. இறக்கத்தில் அதுவும் வேகம் பிடித்திருந்தது. முன்னால் போய் இடிப்பதற்குள் பின்னாலிருந்து இவன் நம்மை நசுக்கிவிடுவான் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். என் பக்கத்தில் வந்த ஸ்கூட்டர்காரர் அந்தச் சத்தத்தில் பயந்து பின்தங்கிவிட்டார். அந்த இடைவெளியில் லாரி புகுந்தது. அதன் சக்கரம் என் ஜன்னலை ஒட்டி, என் தலை உயரத்துக்குச் சுற்றியதைப் பார்த்தேன். கண்ணாடியெல்லாம் தண்ணீர் தெறித்தது. என்னைத் தாண்டியது. தாண்டிய வேகத்தில், எனக்கு முன்னால் குறுக்கே வந்து நுழைந்தது.

நான் கண்ணை மூடவில்லை. மூடியிருக்க வேண்டும், ஏனோ மூடவில்லை. அதனால் அடுத்து நடந்ததை முழுதாகப் பார்த்தேன்.

என் முன் கண்ணாடி முழுக்க லாரியின் பின்பக்கம். அதில் சங்கிலியால் கட்டித் தொங்கவிட்ட ஒரு பழைய டயர். லாரியின் இடது கதவைத் திறந்துகொண்டு கிளீனர் வெளியே தொங்கினார். நரைத்த தலை, காக்கிச் சட்டை. பின்னால் திரும்பி என்னைப் பார்த்து, உள்ளங்கையைத் தன் பக்கம் மடக்கி மடக்கிக் காட்டினார். குறுகலான சந்தில் லாரியை ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர்கள் காட்டுவார்களே, வா, வா, வா என்று, அதே சைகை. முகத்தில் ஒரு பதற்றம் இல்லை. எனக்கு என்னமோ அந்தக் கையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. வந்து என் மேல் சாய்ந்துகொள் என்கிறார்கள்.

ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன். லாரி மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து என்னிடம் நெருங்கி வந்தது. 'டொப்' என்று ஒரு இடி. கார் ஒரு முறை குதித்து விலகியது. மறுபடி 'டொப்'. இந்த முறை விலகவில்லை. எங்கள் காரின் மூக்கு அந்த டயரில் பதிந்து ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் லாரி நிஜமாக பிரேக் போட்டது. காற்று சீறும் சத்தம் கேட்டது. தொட்டிக்குள் தண்ணீர் முன்னும் பின்னும் மோதுகிற சத்தம் கேட்டது. மூடி வழியாக ஒரு குடம் தண்ணீர் எங்கள் கண்ணாடி மேல் கொட்டியது. அத்தனை டன் எடையும் எங்களைத் தன் முதுகில் தாங்கிக்கொண்டு, இறக்கத்தில் வேகம் குறைந்து, குறைந்து, நின்றது.

லாரி எழுப்பிய ஹார்ன் சத்தத்தில் கீழே இருந்த கூட்டம் ஏற்கெனவே சிதறி ஒதுங்கியிருந்தது. குடும்பத்தோடு பைக்கில் நின்றவர் வண்டியை ஓரத்துக்கு உருட்டிக்கொண்டு போயிருந்தார். மஞ்சள் பை அம்மாவின் இடுப்பில் பத்திரமாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். என் மகள் முன் சீட்டின் முதுகில் மோதி, வாயைத் திறந்து அழ ஆரம்பித்திருந்தாள். உதட்டில் லேசாக ரத்தம். வேறு ஒன்றுமில்லை. இனி ஒன்றுமில்லை என்று நான் மூச்சு விட்டேன்.

அப்போதுதான் அடுத்தது ஆரம்பித்தது.

கீழே நின்றவர்கள் பார்த்தது வேறு. ஒரு தண்ணீர் லாரி பேய்த்தனமாக இறங்கி வருகிறது. ஒரு பெண் ஓட்டும் சின்னக் காருக்குக் குறுக்கே புகுகிறது. கார் லாரியின் பின்னால் போய் மோதுகிறது. உள்ளே குழந்தை அலறுகிறது. இதற்கு மேல் யாருக்கு என்ன விளக்கம் வேண்டும்? நாலாபக்கமும் இருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். லாரியின் கதவைத் திறந்து டிரைவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

நான் இறங்கப் பார்த்தேன். என் கதவுதான் உள்ளேயிருந்து திறக்காதே. கண்ணாடியையும் இறக்க முடியாது. இரண்டு கையாலும் கண்ணாடியில் அடித்து, "அவர அடிக்காதீங்க, அடிக்காதீங்க" என்று கத்தினேன். வெளியே நின்ற ஒருவர் என்னைப் பார்த்து, "பயப்படாதம்மா, அவன வுடமாட்டோம்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார். நான் கத்தக் கத்த அவர்களுக்குக் கோபம் ஏறியது. காப்பாற்றியவரை என் கூச்சலே அடி வாங்க வைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கையாலாகாத நிலையை நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். பிரேக் போனபோதுகூட எனக்கு அப்படி அழுகை வரவில்லை.

அக்காதான் போனார். பின் கதவைத் திறந்து என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நான் கியர் கம்பியைத் தாண்டி, அக்கா இறங்கிய பக்கமாகத் தவழ்ந்து வெளியே வருவதற்குள் அந்தக் குரல் பாலம் முழுக்கக் கேட்டது.

"கையை எடுங்கய்யா. யாரும் அவர அடிக்காதிய. எங்க வண்டியில பிரேக் இல்ல. நாங்கதான் ஒங்க மேலல்லாம் ஏறியிருப்போம். அவரு குறுக்க விட்டு எங்களத் தாங்கிப் பிடிச்சாரு. இந்தப் பிள்ள உசுரோட இருக்குன்னா அது அவரு குடுத்தது. ஒங்க பிள்ளைகளும்தான்."

சத்தம் சட்டென்று நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் அசையாமல் நின்றிருந்தார்கள். நடுவில் டிரைவர். முப்பது வயதுகூட இருக்காது. சட்டைப் பொத்தான்கள் அறுந்திருந்தன. இடது கன்னம் சிவந்து கீழுதடு வீங்கியிருந்தது. அதற்குள் இரண்டு மூன்று விழுந்துவிட்டது என்று தெரிந்தது. அவரை அடித்தவர் வாட்டசாட்டமான ஆள். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு குனிந்து, கீழே விழுந்து மிதிபட்டிருந்த டிரைவரின் துண்டை எடுத்து, தூசி தட்டி, மடித்து, இரண்டு கையாலும் நீட்டினார். டிரைவர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

நான் கும்பிட்டேன். கும்பிட்ட கை கீழே இறங்க மறுத்தது. "அண்ணா, பிரேக் இல்லாத வண்டின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று அழுதேன். என்னைவிடச் சின்னவரை அண்ணா என்று கூப்பிடுகிறேன் என்றுகூட அப்போது தோன்றவில்லை.

"தண்ணி லாரிக்காரன் சொன்னா யாருமா கேப்பாங்க" என்றார் அவர். உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "வாயத் தொறந்தா இன்னும் ரெண்டு சேத்து வுழும். அதான் கம்முனு இருந்துட்டேன்."

லாரியின் பக்கத்தில் நின்றிருந்த அந்த நரைத்த கிளீனர் சிரித்தார். "அந்தம்மா பிரேக் இல்லன்னு கத்தினது எங்களுக்கு கேட்டுச்சு. இவன் தெரிஞ்சேதான் வந்தாம்மா. ஒங்க வண்டிய தாண்டசொல்ல எங்கிட்ட சொல்றான், அண்ணாத்தே, இன்னைக்கு கீழ நமக்கு தர்ம அடி கீது, ரெடியா இருன்னு."

கூட்டத்தில் யாரோ 'ச்சே' என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. அதற்குள் எங்களை எங்கே தாங்குவது என்று கணக்குப் போட்டதோடு, கீழே தனக்கு என்ன காத்திருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டார். பார்த்த பிறகும் திருப்பியிருக்கிறார். போதாததற்கு, அதைக் கிளீனரிடம் கிண்டலாக வேறு சொல்லியிருக்கிறார்.

"எங்கள யாருன்னே ஒங்களுக்குத் தெரியாதேண்ணா" என்றேன்.

அவர் அக்காவின் இடுப்பில் இருந்த என் மகளைப் பார்த்தார். "தெரியாம இன்னா. பாலத்து மேல ஏறசொல்லவே கொயந்த டாட்டா காட்டிகினு வந்துச்சு. நானும் காட்டினேன். காட்டிட்டு அப்பறம் எப்டி சும்மா வேடிக்க பாத்துகினு வர்றது?"

இதைச் சொன்ன பிறகு அவர் சாலையோரத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் கவனித்தேன், அவருடைய இரண்டு முழங்காலும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. கிளீனர் தொட்டியின் குழாயைத் திறந்து ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து வந்து அவர் தலையில் ஊற்றினார். பெரிய தைரியசாலி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஆள், பயந்த பிள்ளை மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தத் தண்ணீரில் நனைந்தார். பயமே இல்லாதவர் செய்த காரியம் இல்லை அது. எங்களுக்கு இருந்த அதே பயத்தோடு செய்தது. அதைப் பார்த்த பிறகு அவர் மேல் எனக்கிருந்த வியப்பு இன்னும் கூடிவிட்டது.

யாரோ அவருக்குச் சோடா வாங்கி வந்தார்கள். வேறு சிலர் எங்கள் காரை ஓரமாகத் தள்ளிவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். பைக்கில் வந்த அந்தக் குடும்பமும் திரும்பி வந்தது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நியாயமாகப் பார்த்தால் என்னை நாலு திட்டு திட்டியிருக்க வேண்டும்.

டிரைவரின் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குமா, மொதல்ல பிரேக்க பாரு" என்று எழுந்தார். "அங்க ஒவ்வொரு ஊட்டுலயும் கொடத்த வெச்சிகினு குந்தினு கீறாங்க. லேட்டா போனா அவங்க வேற அடிப்பாங்க." கூட்டம் சிரித்தது. அவரை அடித்த அந்த வாட்டசாட்டமான ஆள்தான் நடுரோட்டில் நின்று, மற்ற வண்டிகளைக் கையைக் காட்டி நிறுத்தி, லாரிக்கு வழி செய்து கொடுத்தார். லாரி கிளம்பும்போது என் மகள் அழுகையை நிறுத்திவிட்டு டாட்டா காட்டினாள். டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பதிலுக்குக் காட்டிவிட்டுப் போனார்.

பிரேக் ஆயில் போகும் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது என்று அன்று மாலை மெக்கானிக் எடுத்துக் காட்டினார். என் கணவர் அந்தக் குழாயை வாங்கி ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தார். காரை எடைக்குப் போட்டுவிடலாம் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிரேக், ஹேண்ட் பிரேக், கியர், கதவு, இண்டிகேட்டர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த பிறகுதான் அது வீட்டுக்கு வந்தது. இன்றும் ஓடுகிறது. அக்காவுக்கு இப்போது இண்டிகேட்டர் வேலை இல்லை, ஆனாலும் பழக்க தோஷத்தில் திருப்பங்களில் கை தானாக வெளியே போகும். நானும் மாறிவிட்டேன். வண்டியில் ஒரு சின்னச் சத்தம் புதிதாகக் கேட்டாலும், அது பழகிப்போவதற்குள் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறேன்.

இந்தக் கதையை நான் சொன்னவர்கள் எல்லோரும் அந்த டிரைவரின் திறமையைத்தான் புகழ்கிறார்கள். இறக்கத்தில், பாரத்தோடு, ஒரு காரை நோகாமல் முதுகில் ஏந்தி நிறுத்துவது லேசான காரியமா என்கிறார்கள். லேசு இல்லைதான். ஆனால் எனக்கு ராத்திரி படுத்தால் நினைவுக்கு வருவது அதில்லை. தர்ம அடி இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் ஸ்டியரிங்கைத் திருப்பிய அந்த ஒரு கணம்தான். நல்லது செய்தால் நாலு பேர் பாராட்டுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் நம்மில் பலர் நல்லது செய்கிறோம். பாராட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று செய்கிறவர்களைப் பெரிய மனிதர்கள் என்கிறோம். நிச்சயமாக அடி விழும் என்று தெரிந்து செய்கிற ஒருவரை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அலுவலகத்தில், குவார்ட்டர்ஸில், பேருந்து நிறுத்தத்தில் என்று எத்தனையோ இடங்களில், இதில் நாம் தலையிட்டால் பழி நம் மேல்தான் வரும் என்று தெரிந்து நின்றிருக்கிறேன். சில சமயம் உள்ளே போயிருக்கிறேன், சில சமயம் பார்க்காததுபோல நகர்ந்தும் வந்திருக்கிறேன். ஆனால் அப்படித் தயங்கி நிற்கிற ஒவ்வொரு முறையும், கீழே அடிக்கக் காத்திருந்த அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டே எங்களுக்காகக் குறுக்கே புகுந்த ஒரு மனிதர், இதே ஊர்ச் சாலைகளில் எங்கேயோ தண்ணீர் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு என்னை ஒரு அடி முன்னால் தள்ளுகிறது.